வெள்ளையம்மாவுக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

கல்பாத்தி,
22 பிப்ரவரி 2026

அன்புள்ள மோனி,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கார்ப் பிரியர்கள் நானூறு பேர் ஓயாமல் கத்தும் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறியவள் நலமாகத்தான் இருப்பாள். போகிற போக்கில் என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கி எழுதுகிறேன். இரண்டு கவர் கேட்டதற்கு, கல்யாணம் ஏதாவது நிச்சயமாகியிருக்கிறதா என்று அங்கிருந்த அம்மா விசாரித்தார்.

நீ குழுவில் கேட்டது சாதாரணக் கேள்வி. கொச்சியில் ஒருவர் தன் சிவிக் காரிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜர் விலைக்கு வருகிறது, மலையில் ஓட்ட நம் வண்டி வெள்ளையம்மாவுக்குப் போடலாமா என்றாய். உடனே குழு இரண்டாகப் பிளந்தது. போடு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும், ஏற்றத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல இருக்கும் என்றது ஒரு கூட்டம். போட்டால் விற்கும்போது யாரும் சீந்த மாட்டார்கள், கை வைக்காத வண்டிக்குத்தான் மதிப்பு என்றது இன்னொன்று. பாண்டித்துரை வழக்கம்போலத் தன் ஜெர்மன் காரின் படத்தைப் போட்டார். நடுவில் நான் புகுந்து, "முதலில் உன் அம்மாவுக்கு வீடு பார், சூப்பர்சார்ஜர் அப்புறம் பார்க்கலாம்" என்று எழுதினேன். உனக்குத் தனியாக அனுப்ப நினைத்ததை அவசரத்தில் எல்லோர் முன்னாலும் போட்டுவிட்டேன். அதற்கு மன்னித்துவிடு.

ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை. மே மாதக் கடைசியில் உன் அம்மா எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். நீங்கள் இருக்கும் லைன் வீட்டைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். சூரியநெல்லியில் நீ பார்த்து வைத்திருக்கும் சின்ன வீட்டுக்கு முன்பணம் போதவில்லை. வெள்ளையம்மாவுக்கும் மே மாதத்தோடு பதினைந்து வயது. சோதனைக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து, ஒரு திருகாணிகூட மாறாத வண்டி என்று விளம்பரம் கொடுத்தால் நல்ல விலை வரும். நாம் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய வண்டிதான். இப்போதைக்கு என் பாதியையும் நீயே எடுத்துக்கொள். சூப்பர்சார்ஜரை மட்டும் தொடாதே, மோனி. அதைத் தொட்டால் விலையும் போச்சு, வீடும் போச்சு.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன்,
கிருஷ்ணப்ரியா

*

சின்னக்கானல்,
3 மார்ச் 2026

பிரியா,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன்.

நானூறு பேர் பார்க்க எனக்கு வீடில்லை என்று சொன்னாய். குழுவில் பாதிப் பேர் நான் வேலை செய்யும் ரிசார்ட்டுக்கு வந்து தங்குகிறவர்கள். மறுநாள் வரவேற்பு மேஜையில் நான் சாவி எடுத்துக் கொடுத்தபோது ஒருவர் குரலைத் தாழ்த்தி, "வீடு கிடைச்சுதா?" என்று மலையாளத்தில் கேட்டார். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் பாதியையும் எடுத்துக்கொள் என்று எவ்வளவு சுலபமாக எழுதுகிறாய்! தேயிலை கிள்ளுகிறவள் மகளுக்குக் காரே அதிகம், இதில் சூப்பர்சார்ஜர் வேறா என்று நீ நினைக்கவில்லை, தெரியும். ஆனால் உன் யோசனை அங்கே போய்த்தான் நிற்கிறது. பாண்டித்துரை தன் காருக்கு என்ன செலவு செய்தாலும் அவரை யாரும் வீட்டைப் பார் என்று சொல்வதில்லை.

நீ வெள்ளையம்மாவை ஓட்டுவது மழைக்காலத்தில், பாலக்காட்டுச் சமவெளியில். இங்கே துரு பிடிக்காமல் இருக்க அங்கே வருகிறாள், அங்கே வெயிலில் வெடிக்காமல் இருக்க இங்கே வருகிறாள். அதனால் ஏற்றத்தில் அவள் படும் பாடு உனக்குத் தெரியாது. இந்த உயரத்தில் காற்று மெலிசு. இன்ஜினுக்குக் காற்றுப் பற்றுவதில்லை. பூப்பாறை வளைவுகளில் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறுகிறாள், பின்னால் வரும் ஜீப்காரன் ஹார்ன் அடித்துச் சிரித்துக்கொண்டே முந்துகிறான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒரு சாமான் கிடைக்கிறது என்றால் எனக்கு ஆசை வராதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் வீடு கம்பெனியுடையது. குளிருக்குப் போர்த்தும் கம்பளி கம்பெனி கொடுத்தது. தண்ணீர்க் குழாய், விறகு, நான் பிறந்த ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியுடையது. அவர்கள் திருப்பிக் கேட்க முடியாத பொருள் என்று எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பாதி. அதைத்தான் விற்கச் சொல்கிறாய்.

பிளாக்கை எடுக்க மாட்டேன். சொல்வதை எழுதியே சொல். எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்பாய்.

மோனிஷா

*

கல்பாத்தி,
12 மார்ச் 2026

மோனி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. கம்பளியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை நான் யோசித்ததே இல்லை. கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் யோசிக்கவில்லை. அதை எழுதலாம் என்றுதான் இன்று பேனாவை எடுத்தேன்.

அதற்குள் குழுவில் வீடியோ வந்தது. உங்கள் ஊர் மெக்கானிக் ரிஜோ பட்டறையில் எடுத்தது. பானட் திறந்திருக்கிறது, புது பெல்ட், பளபளவென்று அந்த சூப்பர்சார்ஜர் உருளை, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க விசில் சத்தம். "மலையின் முதல் சூப்பர்சார்ஜர் சிவிக்" என்று தலைப்பு வேறு. நம்பரை மறைத்திருக்கிறார்கள். நான் தூணில் இடித்ததில் கதவில் விழுந்த கீறலை மறைக்க மறந்துவிட்டார்கள்.

போட்டே விட்டாய். என் பெயரில் ஆர்.சி. இருக்கும் வண்டியில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். இந்த மாநிலத்தில் சைலன்சரை மாற்றினாலே பிடித்து அபராதம் போடுகிறார்கள். இதோடு ஆர்.சி. புதுப்பிக்க முடியுமா? ஆர்.சி. இல்லாத வண்டியை யார் வாங்குவார்கள்? நீ கெடுத்தது உன் பாதியை மட்டும் அல்ல.

வண்டியை ஏப்ரல் மாதத்துக்குள் இங்கே கொண்டுவந்து விடு. கழற்றிய ஒரிஜினல் பாகங்களை ரிஜோ பழைய இரும்புக்குப் போடவில்லை என்று நம்புகிறேன். எனக்கு ரொம்பக் கோபமாக இருக்கிறது.

கிருஷ்ணப்ரியா

*

சின்னக்கானல்,
30 மார்ச் 2026

பிரியா,

கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆர்.சி. உன் பெயரில் இருப்பதை மறந்துதான் போனேன். இங்கே எல்லோரும் அதை மோனிஷா வண்டி என்றே சொல்லிப் பழக்கப்படுத்திவிட்டார்கள்.

ஏன் போட்டேன் என்று கேட்காமலே திட்டியிருக்கிறாய், ஆனாலும் சொல்கிறேன். ஏற்றத்துக்காக என்பது பாதி உண்மைதான். மீதி, நீ போட்ட கணக்குக்குப் பயந்து. இதைப் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று நீதானே எழுதினாய். யாரும் வாங்காவிட்டால் நீ விற்கச் சொல்ல மாட்டாய் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தைப் படித்து முடித்த வாரமே கொச்சிக்காரருக்குப் போன் செய்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான்.

ஆனால் பிரியா, நீ ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். பூப்பாறை வளைவில் மூன்றாவது கியரில் ஏறுகிறாள். அன்றைக்குச் சிரித்த ஜீப்காரன் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனான். அம்மா பின் சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போடி, நான் இன்னும் பென்சன் வாங்கலை" என்று கத்தினாள். இறங்கியதும், "நாளைக்கும் போவமா?" என்றாள்.

ஒரிஜினல் பாகங்கள் பத்திரம். குழுவில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதானே, கழற்றியதைத் தூக்கி எறியாதே என்று. அரிசிச் சாக்கில் கட்டி அம்மா கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஈரத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவே தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கிறாள்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி லீவு கேட்டிருக்கிறேன். அன்று வண்டியைக் கொண்டுவருகிறேன்.

மோனிஷா

*

கல்பாத்தி,
7 ஏப்ரல் 2026

மோனி,

இது சண்டைக் கடிதம் இல்லை. முழுவதும் படி.

சூப்பர்சார்ஜரோடு வண்டியைக் கீழே கொண்டுவராதே. ரிஜோ அதைப் பொருத்தி, பெட்ரோல் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் சரி செய்தது உங்கள் ஊர்க் குளிரில், உங்கள் மெலிந்த காற்றில். அங்கே அது சரி. இங்கே காற்று கனம். அதே உருளை இங்கே இன்னும் அதிகக் காற்றைத் திணிக்கும். அதுவும் இப்போது பாலக்காட்டுக் கணவாயில் வீசுவது நாற்பது டிகிரி அனல். சூட்டில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் வரும். அது கேட்டால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

சோதனைக்கு எப்படியும் கழற்றத்தான் வேண்டும். அங்கேயே ரிஜோவை வைத்துக் கழற்றி, சாக்கில் இருப்பதை மாட்டிக்கொண்டு வா.

இதைப் போனில் சொல்லலாம் என்று அப்பாவின் போனைக் கையில் எடுத்தேன். எழுதியே சொல் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது, வைத்துவிட்டேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டீ, வாயத் தொறந்து ரெண்டு வார்த்த சொல்லப்படாதோ? கடுதாசி எழுதறாளாம் கடுதாசி!" என்றார். பதினெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

ஜீப்காரன் விஷயத்தைப் படித்துச் சிரித்தேன்.

பிரியா

*

சின்னக்கானல்,
8 ஏப்ரல் 2026

பிரியா,

லீவு மாறிவிட்டது. பதினெட்டாம் தேதி ரிசார்ட்டுக்குப் பெரிய கூட்டம் வருகிறதாம். அதனால் நாளைக் காலையே கிளம்புகிறேன். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழி. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன் என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் வந்தேன் என்று இருக்க வேண்டாம். பிளாக்கை எடுக்க இன்னும் மனசு வரவில்லை.

சூப்பர்சார்ஜரை இங்கே கழற்றவில்லை. உன்னை ஒரு தடவை உட்காரவைத்துச் சித்தூர் ரோட்டில் ஓட்டிக் காட்டிவிட்டு அப்புறம் கழற்றலாம். சாக்கு டிக்கியில் இருக்கிறது. உன் தெருவில் விசில் கேட்டால் எட்டிப் பார்.

மோனி

*

சின்னக்கானல்,
11 ஏப்ரல் 2026

பிரியா,

பஸ்ஸில் வந்து இறங்கினேன். மேஜையில் உன் ஸ்பீட் போஸ்ட் இருந்தது. நான் கிளம்பிய மறுநாள் வந்ததாம். அம்மா பிரிக்காமல், மேலே உப்பு ஜாடியை வைத்து மூடியிருந்தாள்.

புளியங்கொட்டைச் சத்தம் கோபாலபுரம் செக்போஸ்ட்டிலேயே கேட்டது. ஏசி ஏதோ சத்தம் போடுகிறது என்று நினைத்து ஏசியை நிறுத்தினேன். கொழிஞ்சாம்பாறை தாண்டுவதற்குள் ஒரு பெரிய சத்தம், பின்னால் நீலப் புகை. அப்புறம் விசில் இல்லை, ஒன்றும் இல்லை.

என் போனில் உன்னை பிளாக்கிலிருந்து எடுக்காமல், டீக்கடைக்காரர் போனை வாங்கி உன்னைக் கூப்பிட்டேன் பார், அந்தத் திமிரை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நீ "எந்த இடம்?" என்று மட்டும் கேட்டாய். பேக்டரி யூனிபாரத்தோடு வந்தாய். நான் சொன்னேனே கேட்டாயா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்கத் தயாராக இருந்தேன். நீ மோர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு இழுவை வண்டிக்குப் போன் செய்யப் போனாய். குடித்தேன், நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. உனக்கும் எனக்கும் ரோஷம் இருந்தது, பழி வெள்ளையம்மா தலையில் விழுந்தது. பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் நாம் இருவரும் சீக்கிரம் கத்திவிடுகிறோம்.

மோனி

*

கல்பாத்தி,
19 மே 2026

மோனி,

நேற்று ஆர்.டி.ஓ. சோதனையில் வெள்ளையம்மா தேறிவிட்டாள். ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பித்தாயிற்று.

உடைந்தது மூன்றாவது பிஸ்டன் மட்டும்தான். வேறு இன்ஜின் வாங்கி வைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இன்ஜின் நம்பர் மாறினால் அவள் வெள்ளையம்மா இல்லை. கஞ்சிக்கோட்டில் தெரிந்த பட்டறை ஒன்றில் கொடுத்து, ஷிப்ட் முடிந்து தினமும் போய் நின்றேன். சாக்கைப் பிரித்தபோது பட்டறையே மணத்தது. பதினைந்து வருஷப் பாகங்களா இவை என்று மெக்கானிக் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவிடம் சொல். கழற்றிய சூப்பர்சார்ஜரை அதே சாக்கில் கட்டி மூணாறு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கிடைத்ததா?

ஒன்று சொல்ல வேண்டும். இனிமேல் விற்பதைப் பற்றி நானாகப் பேச மாட்டேன். நல்ல யோசனைதான் சொன்னேன் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நல்ல யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைக் கேட்காமல் முடிவு செய்தேன். நீ சொல்வதுதான் இனி. வேண்டுமென்றால் வண்டியை முழுவதும் உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன்.

அம்மாவின் கடைசி நாளுக்கு என்னால் வர முடியாது, ஆடிட் இருக்கிறது. என்னை நினைத்துக்கொள்ளச் சொல்.

பிரியா

*

சின்னக்கானல்,
1 ஜூன் 2026

பிரியா,

நேற்று அம்மாவுக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டைக் காலி செய்ய ஆகஸ்ட் கடைசி வரை நேரம். அம்மா கடிகாரத்தைச் சுவரில் மாட்ட ஆணி தேடினாள். பிறகு ஆணியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த வீட்டுச் செவத்துலடி மாட்ட?" என்று கேட்டாள்.

வெள்ளையம்மாவை விற்றுவிடு. நீ சொல்லி இல்லை, நானாகச் சொல்கிறேன். இப்போது மனசார என் பாதியை விற்கிறேன். உன் பாதி உனக்குத்தான், அதில் மாற்றமில்லை. என் பாதி போதாவிட்டால் ரிசார்ட்டில் கடன் கேட்பேன்.

யாராவது கேட்டால் சூப்பர்சார்ஜர் போட்டிருந்ததையும் பிஸ்டன் உடைந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடு. விலை குறைந்தால் குறையட்டும். வாங்குகிறவர் சித்திரை வெயிலில் ரோட்டோரம் நிற்கக் கூடாது.

சாக்கு வந்தது. கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அம்மா அதற்கும் எண்ணெய் போடுகிறாள்.

மோனி

*

கல்பாத்தி,
15 ஜூன் 2026

மோனி,

உட்கார்ந்து படி.

விளம்பரத்தைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள். உள்ளதைச் சொன்னேன். பிஸ்டன் என்றதுமே மூன்று பேர் டீகூடக் குடிக்காமல் போனார்கள். அப்பா, "சத்தியம் சொல்லி வண்டி விக்கறவாளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். எனக்கு அழுகையாக வந்தது.

நாலாவதாக வந்தவர் ஆறுமுகசாமி. சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து வண்டியின் அடிப்பக்கம் பார்த்தார். எழுந்து பானட்டைத் திறந்தார். முகம் விழுந்துவிட்டது. சூப்பர்சார்ஜரை மாட்டிய திருகாணித் துளையைப் பார்த்துவிட்டார், விலையைக் குறைக்கப் போகிறார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரிங்க அம்மிணி. அந்த விசில் அடிக்கற சாமான் எங்கீங்க? அந்த வீடியோவப் பாத்துட்டுத்தானுங்க நான் இத்தன தூரம் வந்தது" என்றார்.

குழுவில் ஓடிய அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாராம். விளம்பரப் படத்தில் கதவுக் கீறலை வைத்துத்தான் நம் வண்டி என்று கண்டுபிடித்தார். ரோட்டில் ஓட்டப் போவதில்லை, கோயமுத்தூர் ரேஸ் டிராக்குக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுவாராம். அவர் சொன்ன விலை, ஒரு திருகாணி மாறாத வண்டிக்கு நான் கனவில் நினைத்ததைவிட அதிகம். உன் பாதியே சூரியநெல்லி வீட்டு முன்பணத்துக்குப் போதும்.

இத்தனை மாதம் இரண்டு பேரும் சண்டை போட்டோமே, மோனி. விலை போகாது என்று நான், விலை போகக் கூடாது என்று நீ. இரண்டு பேர் கணக்கும் தப்பு.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பாலக்காட்டு வெயிலுக்கு ஏற்றபடி சரி செய்து, பொருத்தி, ஓட்டிக் காட்ட வேண்டும். பட்டறையில் பேசிவிட்டேன். அந்தச் சாக்கைப் பஸ்ஸில் போட்டு அனுப்பாதே. நீயே கொண்டுவா. முதலில் நாம் இருவரும் டிராக்கில் ஒரு சுற்றுப் போன பிறகுதான் சாவி தருவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

பிரியா

*

சூரியநெல்லி,
23 ஆகஸ்ட் 2026

அன்புள்ள பிரியா,

மேலே ஊர்ப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்தாயா? எழுதிவிட்டு அம்மாவுக்கு ஒரு தடவை படித்துக் காட்டினேன்.

லைன் வீட்டுச் சாவியை நேற்று ஆபீசில் கொடுத்துவிட்டோம். அம்மா வாசலைப் பெருக்கிவிட்டுத்தான் கொடுத்தாள். இங்கே இரண்டு அறை, சமையலறை, பின்னால் நாலு ஏலச்செடி. கடிகாரத்துக்கு ஆணி அடித்தாயிற்று. அம்மா காலையிலிருந்து மணி என்ன என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறாள்.

டிராக்கில் நீ ஓட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சித்தூர் காலேஜ் மைதானத்தில் நான் கிளட்ச் சொல்லிக்கொடுத்த அன்று கத்திய அதே கத்தல். சாவியைக் கொடுத்தபோது நீ அழவில்லை என்று சாதிக்கிறாய். ஆறுமுகசாமி உன் கையில் துண்டை எதற்குக் கொடுத்தார் என்று தெரியவில்லை. நானும் பஸ் பொள்ளாச்சி தாண்டும் வரை ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆசையாக வாங்கியது, ஆசையாக ஓட்டினோம், இப்போது இல்லை. வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. அவர் அனுப்பும் வீடியோக்களை இன்னும் திறக்கவில்லை.

நேற்று முன்பக்கச் சுவர் கட்ட மேஸ்திரி வந்தார். கேட்டுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்டார். ஒரு ஆள் நுழைகிற அளவு போதும் என்றேன். அம்மா குறுக்கே வந்து, கையை முழுசாக விரித்து, இவ்வளவு என்று காட்டினாள். மேஸ்திரி எங்களைப் பார்த்தார். "வண்டி இல்லாத வீட்டுக்கு எதுக்கும்மா இம்புட்டு அகலம்?" என்றார்.

"எங்க வண்டி போயிருச்சு," என்றாள் அம்மா. "பாலக்காட்டுப் புள்ள இன்னொண்ணு வாங்காமயா இருக்கப் போகுது? வந்தா மழையில ரோட்டுலயா நிறுத்தும்?"

அகலமாகவே விட்டிருக்கிறார்.

மோனி